இரத்தம் காணாது: எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் போனில் எதைச் சொல்வது?

குளத்தடி ரீச்சர் (கிளிநொச்சி)

வணக்கம். இரணைமடுவுக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு விசயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தவணை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே கையை விட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள். வாங்கிப் பார்த்தேன். கொப்பித் தாளில் சுற்றிய பச்சையரிசி. எல்லாருக்கும் முன்னால் எழுப்பிவிட்டு ஏசினேன். "வீட்டில் சாப்பாடு தருவதில்லையா" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. இரண்டு கிழமை கழித்துப் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.2. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் பச்சையரிசி, மண், சாம்பல் என்று வாய் தேடும் என்பதை அன்றைக்கு ஒரு தாதி சொல்லித்தான் அறிந்தேன்.

அப்புறம் வகுப்பில் மெதுவாக விசாரித்தேன். படியேறினால் மூச்சு வாங்குது, எழும்பினால் கண் இருட்டுது, பின்னேரம் புத்தகத்தைத் திறந்தால் நித்திரை வருது என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். இதை ஒருத்தியும் வருத்தமாக நினைக்கவில்லை. பெண் பிள்ளை என்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் பாடம் அனுப்பத் தொடங்கிய பெற்றோர் வட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. அதிலேயே இரத்தச்சோகையைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்து, இணையத்தில் கிடைத்த அழகான படம் ஒன்றை அனுப்பினேன். பன்னிரண்டு குறிப்புகள், நடுவில் புரொக்கோலியும் மாதுளம்பழமும். சிலர் பெருவிரல் காட்டினார்கள். ஒரு தகப்பன், கூட்டம் எப்போது என்று கேட்டார். அவ்வளவுதான். அவர்களில் பிழை இல்லை. புரொக்கோலி எங்கள் சந்தைக்கு வருவதே இல்லை.

போனை விட்டுவிடவும் மனமில்லை. இங்கே பஸ் போகாத இடத்துக்கும் போன் போகிறது. எதை, யாருக்கு, எப்படிச் சொன்னால் ஒரு பிள்ளையின் தட்டில் ஏதாவது மாறும்?

பனங்கூடல் (ரொறன்ரோ, ஊர் மல்லாவி)

ரீச்சர், நல்ல வேலை தொடங்கியிருக்கிறீர்கள். நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். ஒரு செயலி செய்து தருகிறேன். பிள்ளைகள் தினமும் சாப்பிட்டதைப் பதிந்தால் எவ்வளவு இரும்பு உள்ளே போனது என்று அதுவே கணக்குக் காட்டும். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முத்தையன்கட்டு விவசாயி

தம்பி பனங்கூடல், மனம் நோகாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிள்ளைக்கு அறிவு குறைவென்று இரத்தம் குறையவில்லை. கூலி வேலை இருக்கிற நாளில் மீன், இல்லாத நாளில் பருப்பும் சொதியும். கச்சான் விளைந்தால் வீட்டில் நாலு பிடி நிற்கும், மிச்சம் கடனுக்குப் போய்விடும். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இங்கே எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். 2022இல் முட்டை விலை ஏறியபோது முட்டை வாங்குவதை நிறுத்திய வீடுகள் பல. மூன்று முட்டையை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற தாய்க்கு, இரும்புச்சத்து உண்ணுங்கள் என்று செயலி சொன்னால் அந்த மனுசி என்ன செய்வாள்?

காசில்லாமல் செய்யக் கூடியது ஏதும் இருந்தால் அதைச் சொல்லுங்கள் ரீச்சர். வேலியில் முருங்கை நிற்கிறது. குளக்கட்டுக்குக் கீழே பொன்னாங்காணி கிடக்கிறது. ஆனால் அதையெல்லாம் தின்றுகொண்டுதான் பிள்ளைகள் வெளிறிப்போய் இருக்கிறார்கள். அது ஏன் என்று யாராவது விளங்கப்படுத்தினால் நல்லது.

மருந்துப்பெட்டி (வன்னியில் வேலை செய்யும் வைத்தியர்)

விவசாயி ஐயா கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. அதற்கே முதலில் வருகிறேன்.

கீரை, பருப்பு, பயறு, குரக்கனில் உள்ள இரும்பு குடலில் இலகுவாக உறிஞ்சப்படாது. இறைச்சி, மீன், ஈரலில் உள்ளது அதைவிட நன்றாகச் சேரும். தாவர இரும்பைக் கெடுக்கவும் கூட்டவும் சில பொருட்கள் இருக்கின்றன. கெடுப்பதில் எங்கள் ஊரில் முதலாவது தேத்தண்ணி. சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தால், அந்தச் சாப்பாட்டில் இருந்து சேர வேண்டிய தாவர இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போய்விடலாம். தேயிலையில் உள்ள பொலிபீனோல் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பால் விட்டாலும் விடாவிட்டாலும் இதுதான் நிலை. கூட்டுவது விற்றமின் சி. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம், தோடம்பழம் எல்லாவற்றிலும் அது உண்டு. கீரை வறையை அடுப்பால் இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிந்தால் அதே கீரையில் இருந்து கூட இரும்பு கிடைக்கும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் இழப்பு நன்றாகக் குறையும். இரண்டுக்கும் காசு தேவையில்லை.

ஆகவே ஐயா, பிள்ளைகள் முருங்கையிலை தின்பது உண்மை. மேலால் ஒரு கோப்பை பிளேன்ரீயையும் குடிக்கிறார்கள். காலையில் பாணும் சம்பலும் தேத்தண்ணியும், மத்தியானம் சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி, பின்னேரம் இன்னொன்று.

ஏன் பெண் பிள்ளைகள் என்றால், ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 40 மில்லிலீற்றர் போனால் 20 மில்லிகிராம் போயிற்று. வளரும் வயது வேறு. 14 முதல் 18 வயது வரை பெண் பிள்ளைக்கு நாளுக்கு 15 மில்லிகிராம், அதே வயது ஆண் பிள்ளைக்கு 11 மில்லிகிராம் என்று அமெரிக்க அட்டவணை வைக்கிறது. எங்கள் வீடுகளில் மீன் துண்டு எந்தப் பக்கம் போகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சாப்பாடு சோகை வராமல் காக்கும். 8.2க்கு இறங்கிய பிள்ளையைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது. அதற்குக் குளிசை வேண்டும், குளிசைக்கு முன் இரத்தப் பரிசோதனை வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் காசு இல்லை. நீங்கள் அனுப்பும் செய்தி எதுவாக இருந்தாலும் ஒரு பகுதி பிள்ளைகளை ஆஸ்பத்திரிப் படி ஏற்ற வேண்டும்.

பனங்கூடல்

விவசாயி அண்ணா, மன்னியுங்கள், நான் இங்கிருந்து யோசித்துவிட்டேன். செயலியை விடுவோம். எனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தில் உதவும் விசயங்களை மட்டும் சொல்கிறேன்.

குறுஞ்செய்தி அனுப்ப நினைத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். "அம்மா" என்ற 3 எழுத்துச் சொல்லுக்கே 5 இடம் போய்விடும். நாலு வசனம் எழுதினால் ஐந்தாறு செய்தியாக உடைந்து காசு கூடும். குரல்பதிவுதான் நல்லது. ஒரு நிமிடக் குரல் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். காணொளி என்றால் பல மெகாபைட், டேட்டா கார்ட் போடாத வீட்டில் அது திறக்கவே மாட்டாது. வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மாவும் குரலைக் கேட்பார்.

அடுத்தது, பிள்ளைகளை ஒரு குழுவில் சேர்க்க வேண்டாம். குழுவில் சேர்த்தால் ஒவ்வொரு பிள்ளையின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். ஆகவே பெற்றோர் கூட்டத்தில் வைத்தே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

உயர்தர மாணவி

நான் பொதுவாக வாசிப்பது மட்டும்தான். இன்றைக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது.

ரீச்சர், உங்கள் படம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அண்ணாவின் போனுக்குத்தான் வந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு போன். பகலில் அவரோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டுக்குப் பிறகு பாடக்குறிப்புப் பார்க்க எனக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரம் மேலே "மாதவிடாயும் இரத்தச்சோகையும்" என்று ஒரு செய்தி எழும்பி நின்றால் நான் செய்வது ஒன்றுதான், திறக்காமலே அழித்துவிடுவேன். என் சிநேகிதிகளும் அப்படித்தான்.

டிக்டொக்கில் ஏழு நாளில் இரத்தம் ஊறும் என்று ஒரு பீட்ரூட் சாறு வந்தது. அம்மாவிடம் கெஞ்சி ஒரு மாதம் குடித்தேன். தலைச்சுற்று நிற்கவில்லை. சிவப்பாக இருந்தால் இரத்தம் என்று நம்பினேன்.

இன்னொன்று. காலை ஆறு மணிக்கு ரியூசன். அதற்கு முன் ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். பிறகு இடைவேளை வரை ஒன்றும் இல்லை. என்ன சாப்பிட வேண்டும் என்று எத்தனை பேர் சொன்னாலும், எப்போது சாப்பிடுவது என்று ஒருவரும் சொல்வதில்லை.

மருந்துப்பெட்டி

தங்கச்சி, நல்ல நேரம் எழுதினீர்கள். பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. சாப்பிடக் கூடாது என்றில்லை, அதை நம்பி இருக்கக் கூடாது. தலைச்சுற்று இன்னும் இருந்தால் தயவுசெய்து முழு இரத்தப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். எஃப்.பி.சி என்று கேட்டால் போதும். உங்கள் வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சோகை, 8க்குக் கீழே கடுமையான சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது.

மாதப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, இரண்டு மணித்தியாலத்துக்குள் துணி நனைந்து மாற்ற வேண்டி வருவது, பெரிய கட்டிகளாகப் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில் ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம். ஆனால் பிள்ளை வெளிறும் அளவுக்குப் போவது சாதாரணம் இல்லை.

பழைய மிட்வைஃப் (முல்லைத்தீவு)

ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வருடம் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போனவள்.

ரீச்சர், முதலில் சொல்லைச் சரிசெய்யுங்கள். புத்தகத்தில் குருதிச்சோகை. செய்தியில் இரத்தச்சோகை. வீட்டில் ஒருவரும் இரண்டையும் சொல்வதில்லை. "பிள்ளைக்கு இரத்தம் காணாது" என்பார்கள். உங்கள் குரல்பதிவும் அந்தச் சொல்லில்தான் தொடங்க வேண்டும்.

அந்தப் பிள்ளை எழுதியதை வாசித்து மனம் கனத்தது. ஆனாலும் மாதவிடாய் என்ற சொல்லை ஒளித்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிக்க ஒளிக்கத்தான் இந்த வருத்தம் வளர்ந்தது. தாய்மாரோடு நான் முற்றத்தில் இருந்து உடைத்துப் பேசுவேன். தகப்பன்மாரும் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? முட்டை, நல்லெண்ணெய், உழுத்தம்மாக் களி. இரத்தம் போகிற பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று எங்கள் கிழவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சடங்கு முடிய எல்லாம் நின்றுவிடுகிறது. இரத்தம் ஒவ்வொரு மாதமும்தானே போகிறது? முதல் மாதம் கொடுத்ததை ஒவ்வொரு மாதமும் அந்தக் கிழமை கொடுங்கள் என்று தாய்மாருக்குச் சொல்லுங்கள். புதிதாக ஒன்றும் படிப்பிக்கத் தேவையில்லை, அவர்களுக்குத் தெரிந்ததை நீட்டினால் போதும். (முட்டையைப் பச்சையாக வேண்டாம், அவித்துக் கொடுக்கட்டும்.)

உயர்தர மாணவி

மிட்வைஃப் அம்மா, நீங்கள் பேசலாம். முற்றம் உங்களைத் தெரிந்த முற்றம். நான் கையில் வைத்திருப்பது என்னுடைய போன் இல்லை. சொல்லை ஒளிக்கச் சொல்லவில்லை. வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லட்டும், போன் திரையில் மட்டும் "விஞ்ஞானக் குறிப்பு 4" என்று வரட்டும். திறந்து கேட்டால் உள்ளே எல்லாம் இருக்கட்டும். அப்போது அண்ணா கேட்டாலும் பாடம்தான். அவரும் கேட்டால் நல்லதுதானே.

பழைய மிட்வைஃப்

சரி பிள்ளை. நீ சொல்வதே சரி. போன் உள்ள வீட்டை நான் அறியேன், முற்றம் உள்ள வீட்டைத்தான் அறிவேன்.

காவிரிக்கரை (திருச்சி)

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்கள் நாட்டில் நிலைமை இன்னும் மோசம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வாரம் ஒரு இரும்பு மாத்திரை பள்ளியிலேயே கொடுக்கிறோம், நீல நிறத்தில் இருக்கும்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன் டீச்சர். ஒருமுறை வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட இரண்டு பெண்களுக்குக் குமட்டல் வந்தது. அன்று மாலைக்குள் "பள்ளி மாத்திரையில் விஷம்" என்று போனில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வாரம் குப்பைத் தொட்டி நீலமாக இருந்தது. அதற்குப் பிறகு மாத்திரை கொடுப்பதற்கு முந்தைய நாளே அனுப்பிவிடுகிறோம்: சாப்பிட்ட பிறகு போடுங்கள், மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், கொஞ்சம் குமட்டலாம், மலச்சிக்கல் வரலாம். முன்கூட்டிச் சொன்னதைப் பிறகு யாரும் வதந்தியாக்க முடியவில்லை. உங்கள் செய்தியில் இது கட்டாயம் வரட்டும்.

மருந்துப்பெட்டி

காவிரிக்கரை ரீச்சர் சொன்னதோடு சேர்த்துச் சில விசயங்கள்.

பாடசாலையில் கிழமைக்கு ஒன்று கொடுப்பது வராமல் காக்க. இரத்தம் குறைந்த பிள்ளைக்கு அது போதாது, வைத்தியர் வேறு அளவு எழுதுவார். தினமும் போட்டு வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். ஒரு குளிசை போட்டால் ஹெப்சிடின் என்ற ஓமோன் ஏறி, அடுத்த குளிசையின் இரும்பு சேர்வதைக் குறைக்கும். இடைவெளி விட்டால் அது இறங்கிவிடும். குளிசையைத் தேத்தண்ணியோடும் பாலோடும் போடக் கூடாது. தேசிக்காய்த் தண்ணியோடு போடலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும், சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் எடுக்கும். பெரும்பாலான பிள்ளைகள் தலைச்சுற்று நின்றதும் விட்டுவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வருகிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் குளிசைப் போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னக் குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவு இல்லை. பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்த நோயின் கூறு உள்ளவர்களுக்கும் இரத்தம் குறைவாகவே காட்டும், அவர்களுக்கு இரும்பு கொடுத்து ஏறாது. இலங்கையில் அந்தக் கூறு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் கடையில் குளிசை வாங்கிப் போடாமல் முதலில் இரத்தத்தைப் பாருங்கள் என்கிறேன். கொக்கிப்புழு இன்னொன்று. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலால் ஏறிக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். பாடசாலையில் தரும் பூச்சிக் குளிசையைத் துப்பிவிட வேண்டாம். வயலுக்குப் போகும்போது செருப்பு.

ஒட்டுசுட்டான் தாத்தா

எங்கள் சின்ன வயதில் இரத்தம் காணாமல் போனதற்குக் காரணம் மலேரியா. வயிற்றைத் தொட்டால் மண்ணீரல் கல்லுப் போல இருக்கும், முகம் மஞ்சள் பூத்திருக்கும். வீடு வீடாக மருந்தடித்து, காய்ச்சல் என்றால் விரலில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பார்த்து, விடாமல் செய்தார்கள். 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வன்னியில் மலேரியா இல்லாமல் போகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதை ஒழித்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள் ரீச்சர். போன் செய்தியோடு ஒரு ஆளும் வீட்டுக்குப் போகட்டும்.

புதுக்குடியிருப்பு அம்மா

என் மகள் 2009இல் முகாமில் பிறந்தவள். அவளைச் சுமந்த மாதங்களில் நான் என்ன சாப்பிட்டேன் என்று எழுத விருப்பமில்லை. இந்த இழையை வாசித்ததில் இருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளும் அரிசி கொறிப்பவள்தான். ஆசைக்குச் சாப்பிடுகிறாள் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நந்திக்கடல் இறால், மட்டி, கூனிக் கருவாடு இதெல்லாம் உதவுமா? ஈரலை மகள் மணக்குது என்று தொடமாட்டாள்.

மருந்துப்பெட்டி

உதவும் அக்கா. மட்டியில் இரும்பு நிறைய உண்டு. நெத்தலி, கூனி, விரால் எல்லாம் நல்லது. சோறு, கீரையோடு ஒரு சின்னத் துண்டு மீன் சேர்ந்தாலே அந்தக் கீரையின் இரும்பும் கூடச் சேரும். பயறு முளைவிட்டுச் சமைத்தால் நல்லது. பழைய இரும்புத் தாச்சி இருந்தால் புளிக்கறியை அதில் வையுங்கள், தாச்சியின் இரும்பும் கொஞ்சம் கறியில் இறங்கும்.

நாளைக்குப் போகும்போது அரிசி கொறிக்கிறாள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். கேட்காமல் விட்டாலும் சொல்லுங்கள்.

குளத்தடி ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே யோசித்துத் திட்டத்தை மாற்றிவிட்டேன்.

பன்னிரண்டு குறிப்பை விட்டேன். ஒரு செய்தியில் ஒரு வேலை, அதுவும் அன்றிரவு அந்த வீட்டில் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். ஒலிபரப்புப் பட்டியல் இரண்டு, தாய்மாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்குப் போவது "விஞ்ஞானக் குறிப்பு" என்ற தலைப்பில். போனே இல்லாத பிள்ளைகள் இடைவேளையில் கணினி அறையில் கேட்கலாம், அதிபர் சம்மதித்துவிட்டார். அனுப்பிய கிழமையே வகுப்பில் கேட்பேன்: தேத்தண்ணி எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்? பெருவிரல் அடையாளத்தை இனி எண்ணப்போவதில்லை. எத்தனை பேர் இரத்தம் பார்க்கப் போனார்கள் என்பதைத்தான் எண்ணப்போகிறேன். தாத்தா சொன்னபடி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் (மிட்வைஃப்) பேசினேன். பிள்ளையோ தாயோ சம்மதித்துப் பெயர் தந்த வீடுகளுக்கு அவர் போவார்.

என் குரல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரீச்சர் குரல் கேட்டால் வீட்டுவேலை போல இருக்கும். பச்சையரிசி வைத்திருந்த அந்தப் பிள்ளையிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். இப்போது குளிசை போடுகிறாள், 10.6க்கு வந்திருக்கிறாள். அரிசி தேடுவதும் நின்றுவிட்டது. பதிவுக்குக் குரல் தருவாயா என்று கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன் என்றால் தருகிறேன் என்றாள். முதல் பதிவின் வசனம் இதுதான், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"அம்மா, உங்கள் பிள்ளை படியேறும்போது மூச்சு வாங்குகிறாளா? பச்சையரிசி கொறிக்கிறாளா? இரத்தம் காணாமல் இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். சோறு சாப்பிட்டதும் தேத்தண்ணி கொடுக்க வேண்டாம். ஒரு மணித்தியாலம் போகட்டும். அந்த நேரத்தில் தேசிக்காய்த் தண்ணி கொடுங்கள். வருகிற கிழமை இரத்தம் பார்க்க எங்கே போவது என்று சொல்கிறேன்."

உயர்தர மாணவி

ரீச்சர், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். நானும் போய் இரத்தம் பார்த்தேன். 10.1. குளிசை தந்திருக்கிறார்கள்.

முத்தையன்கட்டு விவசாயி

தேசிக்காய் எங்கள் வளவில் காய்த்துக் கொட்டுகிறது. பாடசாலைக்கு ஒரு பை கொண்டுவந்து தருகிறேன். கச்சான் பிடுங்கும் காலத்தில் அதுவும்.

புதுக்குடியிருப்பு அம்மா

மகளுக்கு 9.4. பயந்துவிட்டேன், ஆனால் மூன்று மாதத்தில் சரிவரும் என்று அந்த டொக்டர் பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னார். எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கேத்தல் இப்போது பின்னேரம் நாலு மணிக்குத்தான் அடுப்பில் ஏறுகிறது. அவருக்குத்தான் கொஞ்சம் கோபம்.

முருங்கையிலை வறை கைக்குது என்று மகள் ஒதுக்கி வைக்கிறாள். மிட்வைஃப் அக்கா, கைக்காமல் செய்ய வழி உண்டா?

பழைய மிட்வைஃப்

இளம் இலையாக ஆயுங்கள், நெட்டியை முழுக்க எடுத்துவிடுங்கள். நெத்தலிக் கருவாட்டைக் கழுவித் துடைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு கொஞ்ச எண்ணெயில் முதலில் பொரியவிடுங்கள். இலையை அரிந்து கடைசியில் போடுங்கள். மூட வேண்டாம், நாலைந்து நிமிடம் போதும். கூடநேரம் அடுப்பில் நின்றால்தான் கைக்கும். தேங்காய்ப்பூ போட்டு இரண்டு தரம் பிரட்டி இறக்குங்கள். இறக்கினபிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள், அடுப்பில் இருக்கும்போது விட்டால் அதன் சத்துப் போய்விடும். முட்டை இருக்கிற நாளில் தேங்காய்ப்பூவுக்கு முன் ஒன்றை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முதல் அகப்பை மகளின் தட்டுக்கு.